மரம் நட்டுக் கெட்ட மலை

ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் இறங்கும் சுற்றுலா வண்டிகளில் பாதிக்கு மேல் தலைகுந்தாவில் ஒருமுறை நின்றுவிடும். அங்கே பைன் மரக்காடு இருக்கிறது. வரிசை தவறாமல் நெடுநெடுவென்று நிற்கும் மரங்கள், காலடியில் பழுப்பேறிய ஊசி இலைகளின் மெத்தை, எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் போட்டோவுக்கு ஏற்ற வெளிச்சம். எத்தனையோ சினிமாப் பாட்டில் பார்த்த இடம் என்ற பரவசத்தில் குடும்பம் குடும்பமாக இறங்கி நடக்கிறார்கள். அந்தக் காட்டுக்குள் பறவைச் சத்தம் குறைவு என்பதையோ, மரத்தடியில் புல் முளைக்கவில்லை என்பதையோ யாரும் கவனிப்பதில்லை. கவனிக்கவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. விடுமுறைக்கு வந்தவர்கள்.

அங்கிருந்து இன்னும் கொஞ்சம் தூரத்தில், பைக்காரா போகிற வழியில், ஒன்பதாவது மைல். ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் ‘ஷூட்டிங் மேடு’. இங்கே மரமே இல்லை. அலை அலையாகப் புல்மேடுகள், அவற்றின் மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகச் சிறு சிறு காடுகள். மரங்களை வெட்டி மொட்டையடித்த மலை இது என்றுதான் சமவெளியிலிருந்து வருபவருக்குத் தோன்றும். நேர்மாறான கதை. நீலகிரி பிறந்த கோலம் இந்தப் புல்மேடுதான். பைன் காடுதான் நடுவில் வந்து சேர்ந்தது.

இதற்குச் சாட்சி மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மலையின் சதுப்புகளில் செத்த புல்லும் செடியும் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன. அந்தப் படிவுகளைத் தோண்டியெடுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் உள்ள கரிமத்தைச் சோதித்து, அந்தந்தக் காலத்தில் மலையில் புல் மிகுந்திருந்ததா மரம் மிகுந்திருந்ததா என்று ஆர். சுகுமார் உள்ளிட்ட இந்திய விஞ்ஞானிகள் கணித்தார்கள். 1993ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான அந்த ஆய்வு சுமார் 20,000 ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறது. தட்பவெப்பம் மாற மாறப் புல்லும் மரமும் ஏறி இறங்கியிருக்கின்றன. கோடரி பிடித்த மனிதன் காட்டை அழித்துப் புல்வெளி ஆக்கிவிட்டான் என்ற பழைய கருத்து அத்தோடு ஆட்டம் கண்டது.

மடிப்புகளில் நிற்கும் குட்டைமரக் காட்டுக்குப் பெயர் சோலை. காற்று படாத, ஈரம் தங்கும் பள்ளங்களில் மட்டுமே அது வளரும். விதைகள் புல்வெளியில் விழாமலில்லை. விழுகின்றன, முளைக்கவும் செய்கின்றன. ஆனால் டிசம்பர், ஜனவரி மாதங்களின் உறைபனி திறந்தவெளியில் நிற்கும் இளங்கன்றுகளைக் கருக்கிவிடும். தப்பிப்பது அரிது. தடித்த பட்டையும் தோல் போன்ற இலையும் கொண்ட காட்டுப்பூவரசு மட்டும் பனிக்கும் நெருப்புக்கும் அசராமல் புல்லின் நடுவே தனியாக நின்று, ரத்தச் சிவப்பில் பூக்கும்.

இந்த இரண்டு உலகங்களுக்கும் இடையில் ஓயாமல் போக்குவரத்து நடக்கிறது. ஊட்டிக் கடைவீதியில் சீசனுக்கு விற்பனைக்கு வரும் தவிட்டுப்பழத்தையே எடுத்துக்கொள்ளலாம். இளஞ்சிவப்புப் பூ, கருநீலப் பழம், திராட்சை அளவு. கடித்தால் உள்ளே பொடிப்பொடியாக விதைகள். சோலையின் ஓரத்துப் புதர்களில் இது பழுக்கிற நாட்களில் நீலகிரிச் சிரிப்பான் கூட்டமாக வந்து இறங்கும். பெயருக்கேற்ப அதன் குரல் யாரோ விழுந்து விழுந்து சிரிப்பதுபோல இருக்கும். உலகத்தில் வேறெங்கும் இல்லாத, இந்த மலைக்கு மட்டுமே உரிய பறவை. பழத்தைத் தின்றுவிட்டு இன்னொரு புதருக்குப் பறந்து போய் விதைகளை எச்சத்தோடு போட்டுவிடும். பெரிய பழங்களை விழுங்கக் காட்டுப்புறாக்கள் இருக்கின்றன. புல்வெளியிலோ நீலகிரி நெட்டைக்காலி தரையிலேயே கூடு கட்டுகிறது. கடமான் இரவில் சோலையிலிருந்து வெளியேறி மேய்ந்துவிட்டு, விடியும்முன் திரும்பிவிடும். வரையாடு பகலில் புல்லை மேய்ந்து, ஆபத்தென்றால் செங்குத்துப் பாறைக்குத் தாவும். கடமானையும் வரையாட்டையும் நம்பிப் புலியும் சிறுத்தையும் செந்நாயும். ஒவ்வொன்றும் தன் வயிற்றைத்தான் பார்க்கிறது. அந்த வழியில் இன்னொன்றின் வேலையும் முடிந்துவிடுகிறது.

1819ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். அவருக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரர்களுக்குக் குளிர் பிடித்திருந்தது, புல்மேடு பிடித்திருந்தது; ஆனால் குளிர்காய விறகு போதவில்லை. சோலை மரம் மெதுவாக வளர்வது, வெட்டினால் தீர்ந்துவிடும். ஆஸ்திரேலியாவிலிருந்து வேகமாக வளரும் மரங்களைத் தருவித்தார்கள். 1840களில் வாட்டிலும் யூகலிப்டஸும் வந்தன. நீலகிரிக்காரர்கள் முன்னதைச் சீகை மரம் என்றும் பின்னதைக் கற்பூர மரம் என்றும் சொல்வார்கள். சுதந்திரத்துக்குப் பிறகாவது இது நின்றதா என்றால், அப்போதுதான் வேகம் பிடித்தது. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும், ரேயான் நூலுக்குக் கற்பூர மரக்கூழ் வேண்டும், தேயிலை ஆலைகளின் அடுப்புக்கு விறகு வேண்டும். வனத்துறையின் கணக்கில் புல்வெளி என்பது சும்மா கிடக்கிற நிலம். 1980கள் வரை மேடு மேடாக மரம் நட்டார்கள்.

மரம் நடுவது புண்ணியம் என்றே வளர்ந்தவர்கள் நாம். பள்ளிக்கூடச் சுவரிலிருந்து பஸ்ஸின் பின்புறம் வரை அதைத்தான் எழுதி வைத்திருக்கிறோம். நீலகிரியில் நடந்ததை ஏற்க மனம் கொஞ்சம் முரண்டு பிடிப்பது அதனால்தான். ஆகவே கணக்கைப் பார்ப்பது நல்லது.

பைக்காராவுக்கு அருகே கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஊட்டியின் மண், நீர்வள ஆராய்ச்சி மையத்தார் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். மற்றொன்றின் பெரும்பகுதியில் கற்பூர மரம் நட்டார்கள். இரண்டின் ஓடையிலும் ஓடிய நீரைப் பல ஆண்டுகள் அளந்தார்கள். மரம் நட்ட பள்ளத்தில் முதல் பத்தாண்டில் ஆண்டு நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. அவற்றை வெட்டியபின் பழைய வேரிலிருந்தே அடுத்த தலைமுறை துளிர்த்தது. அந்தச் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம்.

பவானி, மோயாறு, பைக்காரா, குந்தா எல்லாம் இந்தப் புல்மேடுகளிலும் சோலைகளிலும் சதுப்புகளிலும் பிறக்கும் ஆறுகள். புல்லின் சல்லி வேர்களும் மக்கிய கரிய மண்ணும் மழையைப் பிடித்துவைத்துக்கொண்டு, மழை நின்றபின் மாதக்கணக்கில் கசியவிடும். 1930களிலிருந்து பைக்காராவில் மின்சாரம் எடுப்பதும் அந்தக் கசிவை நம்பித்தான். கோடையில் பவானி வறண்டுபோகாமல் ஈரோட்டு வயல்களுக்கு ஓடுவதும் அதனால்தான். வரையாடு மேயும் புல்லுக்கும் கோபிசெட்டிபாளையத்து நெல்லுக்கும் தண்ணீர் ஒன்றே.

சோலை பிழைத்த இடத்தில் ஊரும் எப்படிப் பிழைக்கிறது என்பதைக் கோத்தகிரியில் பார்க்கலாம். ஊரை ஒட்டியே இருக்கிறது லாங்வுட் சோலை. மொத்தமே 116 ஹெக்டேர். சுற்றியிருக்கிற பல கிராமங்களுக்குக் குடிநீர் அதற்குள்ளிருந்துதான் வருகிறது. விறகுக்காரர்களிடமிருந்தும் குப்பையிலிருந்தும் அதைக் காப்பாற்ற உள்ளூர்க்காரர்களே குழு அமைத்துப் பல ஆண்டுகளாகக் காவல் இருந்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் அதற்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. ஏரியும் அலையாத்திக் காடும் இடம்பெறும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஒரு மலைக்காடு சேர்ந்தது பலருக்கு ஆச்சரியமாக இருந்தது. அங்கே குடம் பிடிக்கிறவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருந்திருக்காது.

இனி தேயிலை. கொழுந்துதான் பயிர், பூ பூக்குமுன்பே கிள்ளிவிடுகிறார்கள். ஆகவே தேனீ தேவையில்லை. காய் வேண்டாம், ஆகவே பறவையும் தேவையில்லை. காட்டோடு எந்த ஒட்டுறவும் இல்லாத பயிர் என்று தேயிலையைச் சொல்லத் தோன்றும். ஆனால் செஞ்சிலந்தியும் தேயிலைக் கொசுவும் தோட்டத்தில் பெருகும்போது அவற்றைத் தின்னும் வண்டும் சிலந்தியும் குருவியும் எங்கிருந்து வரவேண்டும்? ஓடைக்கரையில் விட்டுவைத்த சோலைத் துண்டு, களைக்கொல்லி படாத ஓரம், நிழல் மரம். இவை இல்லாத தோட்டத்தில் அந்த வேலையை மருந்துக்கடைதான் செய்யும்.

குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குப் பழகிப்போன ஒரு விருந்தாளி காட்டெருமை. ஆளுயரத்துக்குத் திமில் வைத்த கரிய உருவம், காலுக்கு மட்டும் வெள்ளை சாக்ஸ் மாட்டினதுபோல. காலை ஏழு மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய், அது பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போகும்வரை கதவோரம் காத்திருக்கிறாள். சில நாள் அது தாண்டிப் போவதில்லை. முட்டிச் சாகடித்த சம்பவங்கள் உண்டு. ‘இதுங்களுக்குக் காட்டிலே இடமில்லையா?’ என்று கேட்கிறார்கள். மரம் இருக்கிறது, மேய்ச்சல் இல்லை. சீகைக்கு அடியில் புல் இல்லாதபோது, தேயிலைக்கு நடுவிலும் சதுப்பிலும் முளைத்திருக்கும் புல் அவற்றுக்கு விருந்து. கரடியின் கதை இன்னும் விநோதம். பழமும் தேனும் தேடித் திரியவேண்டிய கரடி இரவில் கோயில் கதவை உடைத்து விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது. ரேஷன் கடையில் புகுந்து பாமாயிலைத் தேடுகிறது. இதைச் சிரிப்புச் செய்தியாகப் போடும் பத்திரிகைகள், அடுத்த வாரமே யாரையாவது கரடி கடித்த செய்தியையும் போடவேண்டி வருகிறது.

கல்லட்டி மலைப்பாதையில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் வேறு நாடு: சீகூர் பீடபூமி, மசினகுடி, முதுமலை. குளிர் போய் வறண்ட காடு. இங்கே தொல்லை மரத்தால் அல்ல, புதரால். உண்ணிச்செடி. வெள்ளைக்காரர்கள் பூவழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்த தென்னமெரிக்கச் செடி. மான் அதன் இலையைத் தொடாது, விஷம். ஆனால் சின்னக் கருப்புப் பழங்களைக் கொண்டைக்குருவி விரும்பித் தின்னும். சிரிப்பான் தவிட்டுப்பழத்துக்குச் செய்கிற அதே ஊழியத்தைக் கொண்டைக்குருவி உண்ணிச்செடிக்குச் செய்கிறது; பறவைக்கு எது சொந்தச் செடி, எது வந்தேறி என்ற கவலை கிடையாது. புதர் மூடிய இடத்தில் புல் சாகிறது. புல்லுக்கு அலையும் யானை வயலுக்கு வருகிறது. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் இந்தச் செடியின் தண்டையே வெட்டி, வேகவைத்து, வளைத்து, நிஜ யானை அளவுக்குச் சிலைகள் செய்கிறார்கள். 2021ல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024ல் நூறு யானைகள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. காட்டில் இருக்கும் உண்ணிச்செடியின் அளவுக்கு இது கடுகளவுதான். ஆனாலும் கெடுதலை விற்றுக் கூலி பெறுவதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது.

சீகூரில் பார்த்தே தீரவேண்டியது வானம். அங்கே இன்னும் பாறு வட்டமிடுகிறது. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளித்துச் சொல்லும் பறவைக்குத் தமிழில் பாறு என்று பழம்பெயர் உண்டு. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு என நான்கும் இங்கே இருக்கின்றன. மோயாற்றங்கரையிலும் அதன் ஓடைக்கரைகளிலும் நிற்கும் நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டும். கருங்கழுத்துப் பாறுக்குப் பாறை இடுக்கு. வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை.

ஒரு பிணத்தைச் சுற்றி நடக்கும் வேலைப் பங்கீட்டைப் பார்க்க அருவருப்பை ஓரம் வைக்கவேண்டும். புலி கடமானை அடித்துத் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டுப் போகிறது. காக்கை கண்டுபிடிக்கிறது. வலுவான அலகுள்ள செம்முகப் பாறு தடித்த தோலையும் தசைநாரையும் கிழிக்கும். வெண்முதுகும் கருங்கழுத்தும் கூட்டமாக இறங்கி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, மெத்தென்ற சதையையும் குடலையும் காலிசெய்யும். கழுத்தில் இறகில்லாதது அதற்கு வசதி, ரத்தம் ஒட்டாது. மஞ்சள்முகம் ஓரமாக நின்று, எலும்பிடுக்கில் மிஞ்சியதைக் கொத்தும். பெரிய கூட்டம் இறங்கினால் ஒரு மாட்டையே சில மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அழுகிய இறைச்சியில் இருக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை பாறின் இரைப்பை அமிலத்தைத் தாண்டுவதில்லை. நாயும் எலியும் அதே பிணத்தைத் தின்றால் நோய் ஊருக்குள் வரும். பாறு தின்றால் அத்தோடு முடிந்தது.

1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்த பறவை இது. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறின் எண்ணிக்கை 99.9 சதவீதம் சரிந்தது. முதலில் யாருக்கும் காரணம் புரியவில்லை. ஏதோ கிருமி என்றார்கள். 2004ல் பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழு கண்டுபிடித்தது: டைக்ளோஃபெனாக். மூட்டுவலிக்கு நாம் போட்டுக்கொள்ளும் அதே மருந்து. மாட்டுக்கு ஊசி போட்டு, அந்த மாடு செத்து, அதைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழந்து சில நாட்களில் சாகும். 2006ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்கொட்டகைக்குப் போவது நிற்காததால், 2015ல் 3 மில்லிக்கு மேற்பட்ட குப்பிகளையும் தடை செய்தார்கள். அதே ஆபத்துள்ள கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் மருந்துகளுக்கு 2023ல்தான் தடை வந்தது.

பாறு போனதால் மனிதருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்குப் பொருளாதார அறிஞர்களே விடை சொல்லியிருக்கிறார்கள். ஏயல் ஃபிராங்க், ஆனந்த் சுதர்சன் இருவரும் பாறு நிறைய இருந்த மாவட்டங்களின் இறப்புக் கணக்கை, பாறு வாழ ஏற்றதல்லாத மாவட்டங்களோடு ஒப்பிட்டார்கள். பாறு மறைந்தபின் முதல் வகை மாவட்டங்களில் இறப்பு விகிதம் நான்கு சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. அழுகும் பிணங்கள், கெட்ட தண்ணீர், பெருகிய நாய்கள், வெறிநாய்க்கடி. 2000 முதல் 2005 வரை மட்டும் சுமார் ஐந்து லட்சம் கூடுதல் உயிரிழப்புகள் என்பது அவர்கள் மதிப்பீடு. யாரும் சம்பளம் கொடுக்காத ஒரு துப்புரவுப் படை கலைந்ததன் விலை அது.

சீகூரில் எப்படிக் கொஞ்சமாவது மிஞ்சின? அங்கே பாறுக்கு மாட்டைவிடக் காட்டு விலங்கே சாப்பாடு. புலியும் செந்நாயும் அடித்துப்போடும் மானுக்கு யாரும் ஊசி போடுவதில்லை. முதுமலையில் புலியைக் காப்பது என்பது பாறுக்கும் சோறு வைப்பதுதான். ஆனால் உண்ணிப்புதர் மூடினால் மேலிருந்து பிணம் கண்ணில் படாது. பட்டாலும் அகன்ற சிறகோடு இறங்கி ஏற இடமிராது. மாட்டை அடித்த புலியைப் பழிவாங்க யாராவது அந்த மாட்டின் உடலில் விஷம் தடவினாலோ, புலியோடு ஒரு பாறுக் கூட்டமே போய்விடும்.

மேல்மலையில் தோடர் பழங்குடியினரின் கவலை வேறு. அரைப்பீப்பாய் வடிவத்திலும் கூம்பு வடிவத்திலும் உள்ள அவர்களது கோயில்களுக்குக் கூரை வேய எந்தப் புல்லும் ஆகாது; சதுப்பில் வளரும் ஒரு குறிப்பிட்ட புல்தான் வேண்டும். அதன் தாவரவியல் பெயரில் ரங்காச்சாரி இருக்கிறார், 1921ல் தென்னிந்தியப் புற்களுக்குக் கையேடு எழுதிய அதே அறிஞர். சதுப்புகளை வடித்துக் காய்கறி போட்டும், அணைகளில் மூழ்கடித்தும், மரம் நட்டும் அந்தப் புல் கிடைக்கும் இடங்கள் சுருங்கிவிட்டன. கூரை மாற்றும் காலம் வந்தால் மந்து எனப்படும் அவர்களது குடியிருப்பின் ஆண்கள் புல் தேடி வெகுதூரம் போகவேண்டியிருக்கிறது.

இப்போது காற்று மாறி அடிக்கிறது. அந்நியக் களைத் தாவரங்களை அகற்ற சென்னை உயர் நீதிமன்றம் அரசை நெருக்கியது. 2022ல் தமிழ்நாடு அதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. அதே ஆண்டு 25.14 கோடி ரூபாயில் வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தது. புல்வெளி மீட்பும் அதில் ஓர் அங்கம். 2024 கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதும் 1,031 வரையாடுகள்.

ஆனால் சீகையை வெட்டுவது நட்டதைப்போல் எளிதல்ல. மரத்தைச் சாய்த்து வெளிச்சம் பட்டதும், மண்ணில் பல பத்தாண்டுகள் தூங்கிக் கிடந்த விதைகள் ஆயிரக்கணக்கில் எழுந்துவிடும்; தீ வைத்தால் இன்னும் உற்சாகமாக. சரிவில் ஒரேயடியாக வெட்டினால் மண் சரியும். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டிய அவலாஞ்சி இந்த மலையில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழுந்து நிற்கின்றன. பனி படாத நிழல் அவற்றுக்கு வேண்டியிருந்தது. வந்தேறி மரம் அதைக் கொடுத்துவிட்டது. அங்கே கோடரி வைத்தால் கன்றுகளும் சாகும், விட்டுவைத்தால் சீகை பக்கத்துப் புல்மேட்டுக்குத் தாவும். எனவே எந்த மேட்டில் வெட்டுவது, எந்தப் பள்ளத்தில் விடுவது என்று இடம் இடமாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வெட்டிய இடத்தில் உள்ளூர்ப் புல்லைத் தூர் பிரித்து, நாற்று நடுவதுபோல் ஆள் வைத்து நடவேண்டும். பிறகு வருஷா வருஷம் திரும்பி வந்து, முளைத்திருக்கும் சீகைக் கன்றுகளைக் கையால் பிடுங்கவேண்டும். ஐந்து வருஷத் திட்டத்தில் பணம் வந்தால் ஆறாவது வருஷம் பிடுங்க யார் வருவார்கள் என்பதுதான் இப்போதைக்குப் பதில் தேடவேண்டிய கேள்வி.